தள்ளியும் எழாத வண்டி

சென்னை மாநகரின் தென்பகுதியில் வாழ்வோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. நடுத்தெருவில் ஒரு மோட்டார் வண்டி நின்றுபோனால் அதன் சொந்தக்காரர் எவரையும் கூவி அழைக்க வேண்டுவதில்லை. மயிலாப்பூர்க் கச்சேரி சாலையாயினும் சரி, பாண்டி பஜாராயினும் சரி, அடையாற்றுச் சந்திப்பாயினும் சரி, தேநீர்க் கடையினின்று இருவர், ஆட்டோ நிறுத்தத்தினின்று ஒருவர், பள்ளிப்பையைத் தோளில் மாட்டிய சிறுவன் ஒருவன் என முன்பின் அறியாத நால்வர் பின்புறத்தே வந்து கைவைத்து விடுவர். “ரெண்டாவது கியர்ல போட்டு கிளச்சை மிதிச்சிக்கோங்க சார்” என்பார் ஒருவர். பத்தடி, இருபதடி, ஓர் உதறல், சிறிது புகை, வண்டி எழுந்து ஓடிவிடும். தள்ளினவர்கள் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு தத்தம் வழியே போவர். நின்று நன்றி கூறின் இயந்திரம் மீண்டும் அணைந்துவிடுமோ என்று அஞ்சி, வண்டிக்காரர் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுச் செல்வார். இவ்வுதவிக்குக் கூலி கேட்டவரை யாம் இன்றுகாறும் கண்டதில்லை.

இஃது இந்நகரத்தாரின் நல்லொழுக்கங்களுள் ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அண்மைக் காலத்தில் தெருவுக்கு வந்துள்ள வண்டிகளுட் பல, இவ்வுதவியை ஏற்கும் வாயிலை அடைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எத்தனை பேர் தள்ளினும் அவை உருளுமேயன்றி உயிர் பெறா. அதற்குக் காரணம் யாதென்பதையும், அக்காரணம் பற்றி எம் தெருவில் ஒருநாட் காலையில் நேர்ந்த இடர்ப்பாட்டையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தள்ளியும் பயன்படாத வண்டி இந்நகருக்குப் புதிதன்று என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். 1903-ஆம் ஆண்டில் சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் சென்னையிலேயே ஒரு நீராவி மோட்டாரைக் கட்டி ஓட்டினார். அதனைத் தள்ளி யாது பயன்? நெருப்பு மூட்டி, நீர் கொதித்து, ஆவி எழுங்காறும் பொறுமையோடு காத்திருத்தல் ஒன்றே வழி. பெட்ரோல் வண்டிகள் பெருகிய பின்னரே மனிதனுடைய கைவலிமைக்கு வேலை வந்தது. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினாலன்றி அவை எழா. சுழற்றுங்கால் இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடில்லாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன் பின்னர் அக்கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது. நம் நாட்டில் அது நெடுநாள் நின்றது. உத்தர்பாராவிலிருந்து 2014 வரை வெளிவந்த அம்பாசடர் வண்டியின் பழைய மாதிரிகளில், பின்பெட்டியைத் திறந்தால் அக்கைப்பிடி துணியிற் சுற்றிய வண்ணம் கிடக்கும். “ஹேண்டில் போடுதல்” என்ற சொற்றொடரை இன்றைய மாணவர்கள் தம் பாட்டனாரிடம் கேட்டறிதல் நலம்.

கைப்பிடியும் இல்லை, பேட்டரியும் தளர்ந்தது என்றால் எஞ்சுவது தள்ளுதலே. அதன் இயல்பு எளிது. சக்கரத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே கியர்ப் பெட்டியும் கிளச்சும் உள்ளன. கிளச்சு என்பது ஒன்றோடொன்று அழுந்தி உராய்ந்து பற்றிக்கொள்ளும் தட்டுகளேயன்றி வேறில்லை. ஓட்டுபவர் அதனை மிதித்துப் பிரித்துவைத்து, வண்டி ஓரளவு ஓடத் தொடங்கியதும் சட்டென்று காலை எடுத்தால் தட்டுகள் பற்றிக்கொள்ளும். அப்பொழுது இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றுவதற்கு மாறாகச் சக்கரம் இயந்திரத்தைச் சுழற்றும். முதற்கியரில் இட்டால் வண்டி முரட்டுத்தனமாகத் தடைப்பட்டு நின்றுவிடும். ஆதலின் இரண்டாவதே ஏற்றது எனத் தெருவார் கண்டனர். பேட்டரி அடியோடு வற்றிவிட்டால் இம்முறையும் பலிப்பது அரிது. பெட்ரோலை உந்தும் பம்புக்கும் பொறிக்கும் சிறிது மின்சாரம் வேண்டுமன்றோ?

சென்னை தட்டையான ஊர். மலையூரார் இரவில் வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்துக் காலையில் உருட்டிவிட்டே எழுப்புவர்; நமக்கு அவ்வசதி இல்லை. எனவே பேட்டரியில் நம்பிக்கையற்றோர் பாலங்களைத் தேடுவர். அடையாற்றுத் திரு.வி.க. பாலத்தின் இறக்கத்திலும், 1973-இல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலத்தின் இறக்கத்திலும் இரண்டாவது கியரின் உதறல் ஒலியை யாம் பன்முறை கேட்டிருக்கிறோம். தியாகராய நகரின் நிலை இன்னும் மோசம். அஃது 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியின் நிலத்தை மீட்டு அமைத்த நகர். ஏரியின் அடியிற் சரிவு ஏது? பிட்டி தியாகராயர் பெயரைப் பெற்ற அந்நகரில் மழைநீர் மட்டும் தன் பழைய வீட்டை மறவாமல் ஆண்டுதோறும் வந்துபோகிறது.

இனி ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வருவோம். அதில் இடக்காலுக்கு வேலையில்லை, மிதிகள் இரண்டே. இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே உராயும் தட்டுக்கு மாறாக எண்ணெய் நிறைந்த உருண்டைக் கலம் ஒன்று இருக்கும். அதனைப் புரிந்துகொள்ள இரண்டு மேசை விசிறிகள் போதும். அவற்றை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால் அதன் காற்று மற்றொன்றின் இதழ்களையும் சுழற்றும். காற்றுக்கு மாறாக எண்ணெயை எண்ணிக்கொண்டால் அக்கலத்தின் இரகசியம் விளங்கிவிடும். ஜெர்மானியராகிய ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. மோட்டார் உலகம் அதனைப் பின்னர் எடுத்துக்கொண்டது. இரு பக்கத்துக்கும் இடையே இரும்புப் பிணைப்பு இல்லாமையால் வண்டி மெல்ல நகர்வதும் நிற்பதும் குலுக்கலின்றி நிகழ்கின்றன.

அவ்வின்பத்துக்குக் கொடுக்கும் விலை, பின்னிருந்து தள்ளும்போது தெரியவரும். கலத்துக்குப் பின்னேயுள்ள கியர்ப் பெட்டியில் பற்களைத் தேர்ந்து பிணைப்பனவும் சிறு கிளச்சுகளே. அவற்றை அழுத்திப் பற்றவைப்பது எண்ணெயின் அழுத்தம். அவ்வழுத்தத்தைத் தருவது ஒரு பம்பு. அப்பம்பைச் சுழற்றுவதோ இயந்திரம்! இயந்திரம் ஓடினாலன்றி அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையேல் பிணைப்பு இல்லை. பிணைப்பு இல்லையேல் சக்கரத்தின் சுழற்சி இயந்திரத்தைச் சென்று சேராது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே கிடப்பது போன்றது இது. மயிலாப்பூரில் பங்குனித் தேர் வடத்தைப் பிடித்து இழுப்பவனுடைய கைக்கும் சக்கரத்துக்கும் இடையே யாதொரு இரகசியமும் இல்லை. அவன் இழுத்தது சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேரும். இங்கோ நம் கையின் வலிமை சக்கரம்வரை சென்று அங்கேயே தங்கிவிடுகிறது.

முற்காலத்து ஆட்டோமேட்டிக் வண்டிகள் இத்துணைக் கடுமை காட்டவில்லை என்பது அறியத்தக்கது. 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் வந்த ஹைட்ராமாட்டிக் என்னும் அமைப்பில், சக்கரத்தின் பக்கமாக இரண்டாவது பம்பு ஒன்றும் இருந்தது. வண்டி உருண்டால் அப்பம்பு சுழன்று அழுத்தம் தரும். மற்றொரு வண்டியைக் கொண்டு வேகமாகத் தள்ளி அதனை எழுப்புதல் கூடும். அவ்வேகம் மனிதர் தள்ளி எய்தும் வேகம் அன்று. 1960-களின் நடுப்பகுதியில் உற்பத்தியாளர்கள் அப்பின்பம்பைச் செலவு என்றும் சுமை என்றும் கருதிக் கைவிடத் தொடங்கினர். ஸ்டார்ட்டர்களும் பேட்டரிகளும் நம்பத்தக்கனவாகிவிட்டன என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. பெரும்பாலும் என்ற சொல்லுக்குள் அடங்காத காலைப்பொழுதுகளும் உண்டு என்பதே எம் முறையீடு.

இங்கு ஒரு குறுக்குக் கேள்வி எழும். 2014-இல் மாருதி செலிரியோ வண்டியோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் இருப்பன பழைய கிளச்சும் பழைய கியரும்தாமே, அவற்றையேனும் தள்ளி எழுப்பலாகாதா என்பர் சிலர். கிளச்சு பழையதே, அதனை இயக்கும் கால் மட்டும் மனிதனுடையதன்று. மின்சாரத்தால் இயங்கும் பொறி ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. பேட்டரி உறங்கினால் அக்காலும் உறங்கும். 1980-களில் கைனடிக் ஹோண்டா முதலாக வந்த கியரற்ற ஸ்கூட்டர்களும் இவ்வினமே. இயந்திரம் வேகமாகச் சுழன்றால்தான் அவற்றின் கிளச்சு விரிந்து பற்றும். பழைய பஜாஜ் சேட்டக்கைச் சாய்த்து நிமிர்த்தி ஓடித் தள்ளி எழுப்பிய தந்தையர், மகளுடைய கியரற்ற ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிவரை மூச்சிரைக்க ஓடும் காட்சியை மாட வீதிகளில் இன்றும் காணலாம். நல்வாய்ப்பாக அவற்றுட் பலவற்றுக்கு உதைத்தெழுப்பும் மிதியேனும் உண்டு.

இனி எம் தெருவிற் கண்டதைச் சொல்லுகிறோம். அது தியாகராய நகரில் ஒரு சிறு தெரு. 2021-ஆம் ஆண்டு தீபாவளி வியாழக்கிழமையன்று கழிந்தது. சனி இரவு தொடங்கிய மழை ஞாயிறு காலைக்குள், அதாவது நவம்பர் 7-ஆந் தேதி விடியலுக்குள், நகரில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்திருந்தது. யாம் கதவைத் திறந்தபோது வாயிற்படி ஒன்று நீருக்குள் இருந்தது. பட்டாசுக் காகிதங்கள் சிவப்புச் சிவப்பாக மிதந்து சென்றன.

அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் தனியே வாழ்கின்றனர். அம்மையாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மும்முறை மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு நடந்துவருகிறது. பண்டிகையை முன்னிட்டு ஒரு முறை தவறியிருந்தமையின் அஞ்ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தே தீரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முகமும் காலும் ஏற்கெனவே வீங்கியிருந்தன. வாடகை வண்டி ஒன்றும் அத்தெருவுக்குள் வர இசையவில்லை. பெரியவர் தம் வண்டியை எடுக்கச் சென்றார். அஃது ஆட்டோமேட்டிக். அவருடைய இடமுழங்கால் கிளச்சு மிதிக்க இடந்தராமையால், அயல்நாட்டிலுள்ள மகன் வாங்கித்தந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் வெளியே போகாது நின்று நின்று பேட்டரி மெலிந்திருந்தது போலும். சாவியைத் திருப்பியதும் “டிக்” என்ற ஓசை ஒன்றே எழுந்தது. பின் அதுவும் இல்லை.

செய்தி பரவ எவ்வளவு நேரம்? இஸ்திரி வண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பால் போடும் பையன் சைக்கிளைச் சுவரிற் சாய்த்துவிட்டு வந்தான். தம் ஆட்டோவை மேட்டில் ஏற்றிவிட்டு நின்ற ஓட்டுநர் ஒருவரும், எதிர் மாடியில் தங்கியிருந்த மாணவர் இருவரும், யாமும் சேர்ந்தோம். “மாமா, நீங்க உக்காருங்க, நாங்க தள்றோம்” என்று பையன் பின்னே போய்விட்டான். முப்பது ஆண்டுகள் பியட் ஓட்டிய பெரியவர், பதற்றத்தில், இடக்காலால் இல்லாத கிளச்சைத் தேடினார். எல்லோரும் ஐலசா என்று தள்ளினர். வண்டி ஓரங்குலமும் அசையவில்லை.

அதுகாறும் பேசாது நின்ற மெக்கானிக் கடை இளைஞன் ஒருவன் ஜன்னலண்டை வந்து குனிந்தான். “தாத்தா, பி-யில பூட்டியிருக்குது. கரண்டு இல்லாட்டி பிரேக்கை மிதிச்சாலும் கியர் வராது” என்றான். பின் கியர்த் தண்டின் அருகே நகத்தால் ஒரு சிறு மூடியைப் பெயர்த்து, அதன் கீழிருந்த துளையில் சாவிமுனையை அழுத்திக்கொண்டே தண்டை என்-னுக்கு நகர்த்தினான். அத்தகைய துளை பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் உண்டு. வண்டியோடு வரும் புத்தகத்தில் அதற்கென ஒரு பக்கமும் உண்டு. அப்பக்கத்தை எத்தனை பேர் படித்திருப்பர்?

வண்டி உருண்டது. அனைவர்க்கும் உற்சாகம் பிறந்தது. “விடாதீங்க, ஓட விட்டு கியர்ல போடுங்க!” என்று ஆட்டோக்காரர் கூவினார். இளைஞன் கையை உயர்த்தித் தடுத்துவிட்டான். “அண்ணே, இது மெரினா வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆவாது. தண்ணி ஏறாத இடத்துல விட்டுடலாம். அம்மாவை வேற வழியில அனுப்பலாம்.” மூன்று வாக்கியங்களில் அவன் முடித்ததை விளக்கவே எமக்கு மேலே இத்தனை பத்திகள் வேண்டியிருந்தன. தெருமுனையில் உயர்ந்த சாய்தளம் கொண்ட வீடு ஒன்று இருந்தது; வண்டியை அங்கே ஏற்றிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். அது நன்றாயிற்று. இயந்திரத்தின் காற்றுக்குழாய் வழியே நீர் உட்புகுந்திருந்தால், பின்னர் எம்முறையில் எழுப்ப முயன்றாலும் உள்ளே தண்டுகள் வளைந்துபோயிருக்கும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை, கியர் எவ்வகையினதாயினும், மெக்கானிக் பார்க்குமுன் எழுப்பலாகாது என்பது இதனாலேயே.

மணி எட்டேகால். அப்பொழுது இஸ்திரிக்காரர்தாம் சொன்னார்: “தண்ணி கேன் போடுறவன் மீன்பாடி வண்டி இருக்குதே!” சென்னைக்கே உரிய அம்மூன்று சக்கர வண்டி அடுத்த தெருவினின்று வந்தது. பலகையின்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து நைலான் கயிற்றால் நான்கு காலையும் கட்டினர். அம்மையாரைப் பெரியவரும் மாணவர்களும் தாங்கி ஏற்றினர். ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் மருந்துப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். முழங்காலளவு நீரில் மிதிக்க இயலாமையால் வண்டிக்காரர் இறங்கி முன்னே கைப்பிடியைப் பற்றிக்கொள்ள, சற்றுமுன் மோட்டாரின் பின்னே நின்ற அதே கைகள் இம்முறை மீன்பாடியின் பின்னே நின்றன. இதற்குக் கிளச்சும் இல்லை, கலமும் இல்லை. தள்ளிய தள்ளெல்லாம் சக்கரத்தில் விழுந்தது. நீர் வடிந்த பெரிய சாலைவரை அரை மணி நேரம் ஆயிற்று. அங்கே ஓர் ஆட்டோ கிடைத்தது. அம்மையார் பத்து மணிக்குமேல் மருத்துவமனை சேர்ந்தார். தாமதம் பற்றி எவரும் ஒன்றும் சொல்லாமல் படுக்கை கொடுத்தனராம். மாலையில் திரும்பியபின், “கபாலி தேர்ல உக்காந்து போனாப்போல இருந்தது; குடைகூட இருந்ததே!” என்று அவர் சிரித்ததை யாம் சுவரின் இப்புறத்திருந்து கேட்டோம்.

நீர் வடிந்த பின்னர் அவ்விளைஞன் இரண்டு கம்பிகளோடு வந்தான். மாணவர் சிலர்க்குப் பயன்படுமாதலின் அவன் செய்த வரிசையை அப்படியே தருகிறோம். வேறொரு வண்டியை ஒன்றோடொன்று படாதவாறு அருகே நிறுத்தி இரண்டையும் அணைத்தான். சிவப்புக் கம்பியின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் கூட்டல் முனையிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் கூட்டலிலும் கவ்வினான். கறுப்பை முதலில் நல்ல பேட்டரியின் கழித்தலில் மாட்டினான். எஞ்சிய முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அதற்கு எட்டத்தில், பெயிண்ட் படாத இயந்திர இரும்பிலே கவ்வினான்; கடைசிக் கவ்வலில் பொறி பறக்குமாம், பேட்டரியினின்று கசியும் வாயு அப்பொறியாற் பற்றக்கூடுமாம். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டபின் பெரியவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எழுந்தது. எழுவர் தள்ளி எழுப்ப முடியாததை இரண்டு கம்பிகள் எழுப்பின. கழற்றுங்கால் மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரமேனும் அணைக்காமல் ஓட்டும்படி பணித்து அவன் போனான்.

பெரியவர் அம்மாதமே அத்தகைய கம்பி ஒரு சோடி வாங்கினார். அதன்பின் எம் தெருவில் வண்டி ஏதேனும் நின்றால் இஸ்திரிக்காரர் முதலில் உள்ளே எட்டிப்பார்த்து மிதிகளை எண்ணுகிறார். மூன்றாயின் பின்புறம் போகிறார். இரண்டாயின் பால் பையனைக் கம்பிக்கு அனுப்புகிறார். ஒருமுறை பச்சைப் பலகை மாட்டிய மின்சார வண்டி ஒன்று நின்றது. இயந்திரமே இல்லாத வண்டியை எழுப்புவது எங்ஙனம் என்று தெரு முழுதும் திகைத்தது; அதனுள்ளும் பன்னிரண்டு வோல்ட் சிறு பேட்டரி ஒன்று உண்டென்றும், அது வற்றியதே காரணமென்றும் மெக்கானிக் இளைஞன் தொலைபேசியில் சொன்னான். அதன் புத்தகத்தைப் பார்த்து, அதே கம்பிகளால் அதுவும் கண் விழித்தது. அக்கம்பிகள் இப்பொழுது எந்த வீட்டில் உள்ளன என்று பெரியவரைக் கேட்டால், “மூணாவது வீட்டுக்குப் போச்சு, அங்கேருந்து எங்கேயோ போச்சு” என்கிறார்.